மெத்தைக்காரர் தோண்டிய வளை

"இனிமே இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்!"

காலையில் பல் துலக்கப் பின்வாசலுக்குப் போன மெத்தைக்காரர், வாயில் நுரையோடு போட்ட சபதம் இது. ஒரு கையில் பிரஷ். இன்னொரு கையில் நீளமாய் ஒரு முள். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இடுப்பில் பாப்பாவோடு மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எதுங்க?"

"முள்ளம்பன்றி! நம்ம சர்க்கரைவள்ளிக் கிழங்கு பூரா தோண்டித் தின்னுட்டுப் போயிருக்கு. போறப்ப முள்ளை வேற போட்டுட்டுப் போயிருக்கு பார். வந்தது நான்தான்னு கையெழுத்துப் போட்ட மாதிரி!"

"சரி சரி. காலைப் பார்த்து வைங்க, அங்க சேறு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் வழுக்கினார். நல்லவேளை, விழவில்லை. துவைக்கிற கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பிரிந்த சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் நின்றார்.

இந்தச் சேற்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் துவைக்கிற தண்ணீருக்குப் போக வழி கிடையாது. கல்லைச் சுற்றி, பின்வாசல் படி வரைக்கும் தேங்கி நிற்கும். கொசு அங்கேதான் குடும்பம் நடத்தியது. தெருச் சாக்கடை வரைக்கும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டிக் குழாயைப் போட்டு மூடினால் போதும். குழாய் வாங்கியாயிற்று. பாப்பா வயிற்றில் இருக்கும்போதே வாங்கியாயிற்று. அது இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பாப்பா பிறந்து, தவழ்ந்து, இப்போது படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவும் ஆரம்பித்துவிட்டது. குழாய் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

போன வாரம் பாப்பா அந்தச் சேற்றில் வழுக்கி, கல்லின் ஓரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அன்றையிலிருந்து மனைவிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு கண் அடுப்பில், ஒரு கண் பின்வாசலில்.

"பாப்பா நடக்கறதுக்குள்ள தோண்டிடுங்க" என்றாள்.

"ஆகட்டும்" என்றார்.

அவருடைய 'ஆகட்டும்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் அலமாரிக் கதவைச் சரி செய்வதாகச் சொன்ன 'ஆகட்டும்' இன்னும் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சோம்பேறி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அவர் தொழில் அப்படி. மெத்தைக் கடையின் பின்பக்கப் பட்டறையில் வேலை. பஞ்சு அடைக்க வேண்டும், ஓரம் தைக்க வேண்டும், கடைசியில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று படுத்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் சுமாராகச் செய்வார். மூன்றாவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அவ்வளவு நிதானமாகப் படுத்துப் பார்ப்பார். மேஸ்திரி வந்து உலுக்கினால்தான் சோதனை முடியும். பிறகு வீட்டுக்கு வந்து, "நாள் முழுக்க வேலை, முதுகு விட்டுப் போச்சு" என்று மறுபடியும் படுப்பார்.

அப்பேர்ப்பட்டவர் இன்று சபதம் போடுகிறார்!

"எவ்வளவு கூர்மை பார் இது!" என்று முள்ளைப் பின்கதவில் ஒரு குத்துக் குத்திக் காட்டினார். டக்கென்று நுனி ஒடிந்து எங்கேயோ தெறித்தது.

"கதவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் மனைவி.

தேநீர் குடிக்கும்போது பாடம் ஆரம்பித்தது. முள்ளம்பன்றியைப் பற்றி அவர் போனில் படம் பார்த்திருக்கிறார். பட்டறையில் படுத்துப் பார்க்கிற வேலையின் நடுவே பார்த்தது.

"பேர்லதான் பன்றி. ஜாதி எலி ஜாதி. பகல் பூரா வளைக்குள்ள தூங்கும். இருட்டினாத்தான் வெளிய வரும். கிழங்கு, வேர், பட்டை எதையும் விடாது. எலும்பு கிடைச்சாக்கூடத் தூக்கிட்டுப் போய்க் கடிச்சு அரைக்கும். அப்படிப் பல்லு!"

"அப்போ வளை எங்க இருக்கு?"

"நம்ம இடத்துக்கு அடியிலதான்! முள் கிடந்தது கல்லுக்குப் பக்கத்துல. அப்போ வளை வாசலும் அங்கதான். பகல்ல அசந்து தூங்குறப்ப தோண்டி அமுக்கிடணும்."

மனைவி காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவளுக்கு ஏதாவது யோசனை வந்தால் முடியை ஒதுக்குவாள். கல்யாணம் ஆன நாளாக அவர் அதைக் கவனித்ததில்லை.

"வளை எவ்வளவு ஆழங்க இருக்கும்?"

"இருக்கும், முழங்கால் ஆழம்."

"நேராப் போகுமா, கோணலாப் போகுமா?"

"நேராத்தான். அதுக்கு அறிவு ஜாஸ்தி."

"மழை பெஞ்சா உள்ள தண்ணி நிக்காதா?"

"அதெப்படி நிக்கும்? வாட்டம் விட்டுத்தான் தோண்டும். இந்தப் பக்கம் மேடா, அந்தப் பக்கம் பள்ளமா."

"அடேயப்பா! வீட்டுல யாரு தோண்டுறது, ஆணா பொண்ணா?"

"ரெண்டும்தான். ஜோடியா இருக்கும், ஜோடியாவே குட்டியை வளர்க்கும்."

"ம்ம்" என்றாள் மனைவி, குழாயைப் பார்த்துக்கொண்டே. "நல்ல குடும்பம்."

முள்ளை அவளிடம் கொடுத்தார். "பத்திரமா வை. பாப்பா கைக்கு எட்டக் கூடாது." அவள் அதை மேல் அலமாரியில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

அவர் வேலைக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு நர்ஸக்கா வாசலில் நின்று மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். நர்ஸக்காவுக்கு ராத்திரி டியூட்டி. விடிவதற்கு முன்னால் நடந்து வருகிறவள். தெரு முனை திரும்பும்போது அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெண்களுக்குச் சிரிக்கக் காரணமா வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனார்.

அடுத்த விடுமுறை நாளன்று வேட்டை ஆரம்பமானது. மெத்தைக்காரர் பின்வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துப் பாப்பா முதலில் அழுதது. அப்புறம் கைதட்டிச் சிரித்தது. பட்டறையிலிருந்து கழிவு ஃபோம் கொண்டுவந்து, நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தொடைக்கு ஒவ்வொன்று என்று வெட்டித் தைத்து மாட்டியிருந்தார். நடந்து வருகிற மெத்தை மாதிரி இருந்தார். தலையில் தலையணை உறை. கையில் மண்வெட்டி.

"எதுக்குங்க இவ்வளவும்?"

"அது முள்ளை எய்யும்! அம்பு மாதிரி விர்ருனு வரும்!"

"எய்யாதாம்ங்க. நர்ஸக்கா சொன்னாங்க. பின்பக்கமாத் திரும்பி வந்து இடிக்குமாம். அப்போ முள்ளு கழண்டு குத்திக்குமாம்."

"உன் நர்ஸக்காவுக்கு ஊசி குத்தத்தான் தெரியும். முள்ளைப் பத்தி என்ன தெரியும்?"

கல்லுக்குப் பக்கத்தில் முதல் வெட்டு விழுந்தது. இரண்டாவது வெட்டில் வியர்த்தது. பத்தாவது வெட்டில் உடம்போடு சேர்ந்து ஃபோமும் வியர்த்தது. அது தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பருத்து, அவரைவிட அதிகக் கனம் கனத்தது. மத்தியானத்துக்குள் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளத்துக்குப் பள்ளம் வந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் ஆசையோடு பார்த்தார்.

"முள்ளம்பன்றியைக் காணோமே" என்றாள் மனைவி.

"பயந்து வேற ஊருக்குப் போயிருக்கும். போதும். முதுகு விட்டுப் போச்சு."

வேட்டை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. மறுநாள் காலை அவர் கண் விழிக்கும்போதே கூப்பாடு.

"என்னங்க! ஓடி வாங்க! சீக்கிரம்!"

ஓடினார். பள்ளம் முடிகிற இடத்துக்கு முன்னால், தெருவைப் பார்த்த பக்கம், மண்ணில் குத்தி நின்றது ஒரு முள். கறுப்பு வெள்ளைப் பட்டை. நுனி ஒடிந்திருந்தது.

மெத்தைக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, பரிசுக் கோப்பை வாங்கியவர் மாதிரி சுற்றிக் காட்டினார். "பார்த்தியா! வளை இந்தப் பக்கம்தான் போகுது! நான் சொன்னேனா இல்லையா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் மண்வெட்டியை எடுத்தார். மனைவி கேட்காமலே தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் சூடாக. அடுத்த நாள் காலை இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு முள். அதுவும் நுனி ஒடிந்தது.

"இதுல ஒரு விஷயம் இருக்கு" என்றார் மெத்தைக்காரர், முள்ளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து. "இந்த ஜாதிக்கே நுனி ஒடிஞ்சுதான் இருக்கும் போல. முதல் முள்ளும் அப்படித்தான் இருந்துச்சு."

"அது நீங்க கதவுல குத்தி ஒடிச்சதாச்சே?"

"நான் குத்துறதுக்கு முன்னாலயே ஒடிஞ்சிருக்கும். இல்லேன்னா ஒரு குத்துல ஒடியுமா? யோசிச்சுப் பேசு."

யோசித்துத்தான் பேசினாள் அவள். "இந்தாங்க, கொடுங்க. டப்பாவுல போடுறேன்."

இப்படியே நடந்தது. காலையில் முள், சாயங்காலம் மண்வெட்டி. ஒருநாள் அவர் மனம்போன போக்கில் இடது பக்கம் வெட்ட ஆரம்பித்தார். மனைவி துவைத்துக்கொண்டிருந்தவள் சோப்புக் கையோடு ஓடி வந்தாள்.

"அங்க என்னங்க? அது என் தக்காளிச் செடி!"

"வளை திரும்பியிருக்கும்னு தோணுது."

"நேராத்தான் போகும், அதுக்கு அறிவு ஜாஸ்தின்னீங்க."

"அது அப்போ."

மறுநாள் முள் பழைய நேர்கோட்டிலேயே கிடந்தது. தக்காளி பிழைத்தது.

பட்டறையில் இப்போது வேறு பேச்சே இல்லை. பஞ்சு அடைக்கும்போது முள்ளம்பன்றி. ஓரம் தைக்கும்போது முள்ளம்பன்றி. மேஸ்திரி மட்டும் மீசைக்குள்ளேயே சிரித்தார்.

"ஏம்பா, நீ தோண்டுறியா? நீயா? மண்வெட்டி பிடிச்சா?"

"டப்பா நிறைய முள் சேர்த்து வச்சிருக்கேன் அண்ணே. வந்து பாருங்க!"

"வர்றேன். ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். முள் இல்லேன்னா, மகனே, அடுத்த மாசம் பூரா பட்டறையை நீதான் கூட்டுற."

இதற்குள் பள்ளம் தெருப்பக்கச் சுவரை நெருங்கிவிட்டது. அங்கேதான் பாறை. மண்வெட்டி பட்டால் பொறி பறந்தது. மெத்தைக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, மண்மேட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சது. பாறையை எந்த மிருகமும் தோண்டாது."

"எலும்பையே அரைக்கிற பல்லுன்னு சொன்னீங்க?"

"எலும்பு வேற, பாறை வேற."

மனைவி பாப்பாவை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"சரி, விடுங்க. பாவம், உங்களால ஆனதைச் செஞ்சீங்க. ஞாயித்துக்கிழமை மேஸ்திரியண்ணன் வர்றாங்க இல்ல? அவங்களை ஒரு கை பார்க்கச் சொல்லுவோம். அவங்க கைக்குக் கொஞ்சம் பலம் ஜாஸ்தி."

மெத்தைக்காரர் எழுந்தார். நர்ஸக்கா வீட்டிலிருந்து கடப்பாரை இரவல் வந்தது. ஃபோமைக் கழற்றி எறிந்தார். இடித்த இடியில் எதிர்வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. டியூட்டிக்கு முன்னால் போட்ட தூக்கம் கெட்டு நர்ஸக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, குழா..."

"அக்கா!" என்றாள் மனைவி அவசரமாக. "அவர் முள்ளம்பன்றி பிடிக்கிறார்க்கா."

"ஓ, ஆமாமா. பிடிங்க தம்பி, பிடிங்க. விடாதீங்க" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் அவள் இருமினாள். இருமலா சிரிப்பா என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பாறை பிளந்தது. அதற்குப் பின்னால் மண் பொலபொலவென்று சரிந்து ஒரு ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாகத் தெருச் சாக்கடை தெரிந்தது.

"மறுவாசல்!" என்று அலறினார் மெத்தைக்காரர். "வளைக்கு ரெண்டு வாசல் இருக்கும்னு படத்துல சொன்னான்! இந்த வழியாத்தான் ஓடியிருக்கு! என் சத்தத்தைக் கேட்டே ஓடியிருக்கு!"

மனைவி பள்ளத்துக்குள் இறங்கி, கல்லிலிருந்து சாக்கடை வரைக்கும் ஒரு தடவை நடந்து பார்த்தாள். முழங்கால் ஆழம். நேர் கோடு. அந்தப் பக்கம் சரிவாக, அருமையான வாட்டம். அவள் முகம் அப்படி மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிச் சிரித்ததில்லை. கண்ணில் தண்ணீர்கூடத் தளும்பியது. ஒரு மிருகத்தை ஓட்டியதற்கு இவ்வளவு சந்தோஷமா! பாவம், எவ்வளவு பயந்திருக்கிறாள், நம்மிடம் சொல்லாமலே இருந்திருக்கிறாள்!

"நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றாள்.

அன்று மெத்தைக்காரர் தூங்கிய தூக்கம் ராஜாவின் தூக்கம்.

ஞாயிறு காலை மனைவி அவரை எழுப்பி, "விருந்தாளி வர்றாங்க. தலைமுடியை வெட்டிட்டு, அப்படியே பெரிய கடையில பிஸ்கட் வாங்கிட்டு வாங்க. அவசரமே இல்ல, மெதுவா வாங்க" என்றாள். இவ்வளவு மரியாதையாக யாராவது அனுப்பினால் யார்தான் போகமாட்டார்கள்? முடிவெட்டும் கடையில் கூட்டம். காத்திருந்த எல்லாருக்கும் முள்ளம்பன்றிக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். திரும்பி வரும் வழியில் மேஸ்திரியும் அவர் மனைவியும் எதிரே வந்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருவரையும் நேரே பின்வாசலுக்கு அழைத்துப் போனார்.

"இதோ பாருங்க அண்ணே, என் வளை..."

வளையைக் காணோம்.

பள்ளம் இருந்த இடம் சமதளமாக இருந்தது. ஈர மண்ணை மிதித்து மிதித்து இறுக்கியிருந்தார்கள். சுவரில் சாய்ந்து நின்ற குழாயையும் காணோம். துவைக்கிற கல்லுக்குக் கீழே மட்டும் அதன் வாய் புதுசாகத் தெரிந்தது. நர்ஸக்கா முழங்கை வரை மண்ணோடு படியில் உட்கார்ந்திருந்தாள். மனைவி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி, கல்லின் மேல் ஒரே வீச்சாகக் கொட்டினாள்.

களகளகளவென்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் தெருப்பக்கமிருந்து சலசலவென்று தண்ணீர் விழும் சத்தம். கல்லைச் சுற்றி ஒரு சொட்டு நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, படியைப் பிடித்துக்கொண்டு நின்ற பாப்பா கையை விட்டது. இறுகிய மண்ணில் ஒரு அடி வைத்தது. தள்ளாடியது. இன்னொரு அடி வைத்தது. மனைவி வாளியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள். பாப்பா நேராக நடந்து வந்து, பிஸ்கட் பொட்டலம் வைத்திருந்த அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது.

மேஸ்திரிக்கே கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சரிப்பா, டப்பா எங்க? முள்ளைக் காட்டு."

மெத்தைக்காரர் பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மேல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தார். லேசாக இருந்தது. ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று சத்தம் வர வேண்டியது, ஒற்றையாக 'டக்' என்றது. மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரே ஒரு முள். பட்டைகளுக்கு நடுவில் காய்ந்த மண். நுனி ஒடிந்திருந்தது.

பின்கதவைப் பார்த்தார். அதில் அன்றைக்கு அவர் குத்திய குத்தின் தடம் இருந்தது. முள்ளைப் பார்த்தார். மறுபடியும் கதவைப் பார்த்தார். தினமும் காலையில் அவர் கண்டெடுத்தது, தூக்கிச் சுற்றிக் காட்டியது, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஜாதி சொன்னது எல்லாம்...

பின்னால் மனைவி வந்து நின்றாள்.

"அப்போ முள்ளம்பன்றி?" என்றார் மெதுவாக.

"தெருக்கோடியில இடிஞ்ச மதில் இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னால மண்மேட்டுலதான் அது வீடு. குட்டியோட இருக்காம். நர்ஸக்கா தினம் பார்க்கறாங்க. நம்ம வீட்டுக்கு அன்னைக்கு ஒரு நாள்தாங்க வந்துச்சு. இப்ப காய்த்தோல் எல்லாம் அந்த மேட்டுக்கிட்டயே போட்டுடுறேன். இந்தப் பக்கம் வர்றதில்ல."

"அப்போ நான் தோண்டினது?"

"உங்க வளைதாங்க. எவ்வளவு நேரா, எவ்வளவு வாட்டமா! எந்த முள்ளம்பன்றியும் இப்படித் தோண்டாது."

வெளியிலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். "என்னப்பா, முள் இருக்கா, இல்ல துடைப்பத்தை எடுக்கறியா?"

மெத்தைக்காரர் குரல் வந்த பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி டப்பாவோடு வெளியே போய்விட்டாள். "இருக்குண்ணே. இந்தாங்க சத்தம் கேளுங்க. நடக்கற குழந்தை இருக்கற இடம், அதனால வெளிய எடுக்கல. இவர் தோண்டின வேகத்துல அது ஊரை விட்டே ஓடிடுச்சு. இவ்வளவு பெரிய வளையை வீணாக்கக் கூடாதுன்னு நாங்கதான் குழாயைப் போட்டு மூடிட்டோம்."

மேஸ்திரி வந்து மெத்தைக்காரரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "நீ ஆம்பளைடா!"

மெத்தைக்காரர் சிரித்தார். ஊரறிய ஜெயித்தவர் அவர்தான். அதை வெளியே மறுக்கவும் முடியாது, உள்ளே ஒத்துக்கொள்ளவும் முடியாது.

பெண்கள் மூன்று பேரும் தேநீர் போடுவதாகச் சொல்லி அடுக்களைக்குள் போனார்கள். தேநீர் வர வெகு நேரமானது. அவ்வளவு நேரமும் உள்ளே ஒரே சிரிப்பு. மேஸ்திரியின் மனைவி கிளம்பும்போது கைப்பையை இறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி பட்டறைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். மீசை இரண்டு பக்கமும் முறுக்கியிருந்தது.

"எங்க வீட்டுக்கும் வந்துடுச்சுடா! காலையில பின்னால போறேன், தண்ணித்தொட்டி கட்டணும்னு வீட்டுல சொல்லிட்டு இருந்தா பார், அந்த மூலையில மண்ணுல குத்தி நிக்குது! கறுப்பு வெள்ளைப் பட்டை. அதுவும் உன் ஜாதியேதான்டா, நுனி ஒடிஞ்சிருக்கு! எனக்கும் அந்த மெத்தைச் சட்டை ஒண்ணு தைச்சுக் கொடு. சீக்கிரம்! எந்தப் பக்கமாடா தோண்டணும்?"

மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். சொன்னால் தன் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயை மூடினார். அளவெடுக்கிற நாடாவை எடுத்து மேஸ்திரியின் இடுப்பைச் சுற்றிப் போட்டார்.

"அதைப் பத்தி நாம யோசிக்கவே வேண்டாம் அண்ணே. தினம் காலையில வீட்டுலயே காட்டுவாங்க."